நல்ல கண்

ஹார்பர் கிரீக்
11 பிப்ரவரி 1979

அன்புள்ள ஐரீன்,

நீயும் வெண்டலும் சுகம்தானே? இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் சுகம்.

காப்பீட்டுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன் என்று கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தேன். எதற்காக என்று இப்போது சொல்கிறேன், சிரிக்காதே. இந்த ஊர் பேஸ்பால் குழுவுக்கு ஆள் பொறுக்கும் வேலை. முதலாளி பிரம்மல் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "இதோ பாருங்க ஆர்லன், ஆறு டீம்ல மொத ரெண்டு எடத்துக்குள்ள வந்தா அடுத்த வருஷமும் ஆடலாம். இல்லேன்னா செப்டம்பர்ல மைதானத்தப் பூட்டிட்டு அங்க குடோன் கட்டிருவேன்." மற்ற ஊர்க்காரர்கள் ஒரு ஆட்டக்காரனுக்குக் கொடுப்பதில் நான் மூன்று பேரை எடுத்தாக வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம், யார் எந்த வயதில் சாவார்கள் என்று அட்டவணை போட்டவன் நான். அதே பென்சிலை வைத்துக்கொண்டு யார் சுலபத்தில் அவுட் ஆகமாட்டார்கள் என்று பார்த்தேன். எல்லாரும் அடிக்கிறவனுக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். நான்கு கெட்ட பந்துகளைத் தொடாமல் விட்டுவிட்டு, விதி தரும் சலுகையில் சும்மா முதல் பேஸுக்கு நடந்து போகிறவனை ஒருவரும் மதிப்பதில்லை. அடித்துப் போனாலும் நடந்து போனாலும் நிற்பது அதே பேஸில்தான், ஓட்டம் எடுக்க அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். நடக்கிறவர்கள் மலிவாகக் கிடைக்கிறார்கள்.

லீக் அனுப்பிய மூன்று வருஷத் தாள்களில் நடப்பதில் முதல் ஆள் உன் மகன் வெண்டல். அடிப்பதில் கடைசி வரிசை, அதனால்தான் உங்கள் வில்மாண்ட் குழு அவனை விட்டுவிட்டது. ஐந்து முறை அடிக்க நின்றால் ஒரு முறை நடக்கிறான். அடிக்கிறவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் கேட்சராகவும் பந்துகளை அதிகம் விடுவதில்லை. தங்கை மகன் என்பதற்காகக் கேட்கவில்லை. வேறு பெயராக இருந்தாலும் இதே கடிதம் போயிருக்கும்.

இன்னொரு விஷயம். டாலிவர் என்ற பிட்சரையும் உங்கள் ஊரில் நீக்கிவிட்டார்களாமே. அவர் பந்தை யாரும் பெரிதாக அடித்ததில்லை, ஆனால் கட்டுக்கடங்காமல் வீசுகிறார் என்கிறது தாள். அங்கே ஸ்கோர் எழுதுகிறவள் நீ. அவரை எடுக்கலாமா?

அன்புடன்,
ஆர்லன்


வில்மாண்ட்
2 மார்ச் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுங்கள். நீங்கள் டின் சூப்பிலேயே உயிர் வாழ்வதாகக் கேள்வி. நான் நன்றாக இருக்கிறேன். வெண்டலின் அப்பா ஃப்ளாய்ட் போனபிறகு வீடு பெரிதாகத் தெரிந்தது, இப்போது பழகிவிட்டது.

உங்கள் கடிதத்தை வெண்டலிடம் படித்துக் காட்டினேன். தானியக் கிடங்கு வேலையிலிருந்து வந்த அழுக்குச் சட்டையோடு சமையலறையைச் சுற்றி மூன்று முறை நடந்தான். "மாமா நெஜமாவே என்னத்தான் கேக்குறாரா, இல்ல உனக்காகவா?" என்றான். வேறு பெயராக இருந்தாலும் என்று நீங்கள் எழுதிய வரியை மறுபடி படித்துக் காட்டினேன். ஏப்ரல் முதல் வாரம் பஸ்ஸில் வருவான். கார் ஓட்ட அவனுக்குப் பிடிக்காது.

டாலிவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பந்து கேட்சரைத் தாண்டிப் பின்னால் ஓடிவிட்டால், அது யார் குற்றம் என்று எழுதுவது என் வேலை. பிடித்திருக்கக்கூடிய பந்து என்றால் கேட்சர் பெயரில் 'விட்ட பந்து'. யாராலும் பிடிக்க முடியாது என்றால் பிட்சர் பெயரில் 'தவறிய வீச்சு'. எதை எழுதினாலும் ஒருவர் என்னை முறைப்பார். டாலிவர் பெயரில் போன வருஷம் இருபத்தொன்பது தவறிய வீச்சு. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவர் வேண்டாம் அண்ணா.

வெண்டல் கேட்டால் தவிர உருளைக்கிழங்கு போடாதீர்கள், எடை கூடுகிறது.

தங்கள் அன்புத் தங்கை,
ஐரீன்


ஹார்பர் கிரீக்
20 மே 1979

அன்புள்ள ஐரீன்,

நலம். உன் மகன் என் குளிர்பெட்டியைக் காலி செய்வதைப் பார்த்தால் அவனும் நலம் என்றே சொல்லவேண்டும்.

பதினாறு ஆட்டத்தில் பதினொன்று ஜெயித்தோம். வெண்டலை வரிசையில் முதல் ஆளாக அடிக்க அனுப்புகிறேன். ஆமை வேகத்தில் ஓடும் கேட்சரை முதலில் அனுப்புகிறவன் இந்த லீக்கில் நான் ஒருவன்தான். பயிற்சியாளர் கஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முதல் ஆட்டத்தில் கூட்டத்திலிருந்து ஒருத்தர், "ஏம்பா, மட்டை வாடகைக்கு எடுத்ததா? தொடவே மாட்டேங்குற" என்று கத்தினார். வெண்டல் திரும்பிப் பார்த்து, "தேய்ஞ்சா காசு பிடிப்பாங்கண்ணே" என்றான். அன்றைக்கு மூன்று முறை நடந்தான்.

இப்போது பாட்டு மாறிவிட்டது. அவன் ஒரு கெட்ட பந்தை விடும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் "நல்ல கண்ணு, நல்ல கண்ணு" என்கிறது. கஸ் கூட நேற்று ஒத்துக்கொண்டார்: "பையனுக்கு என்னா கண்ணு சார். பந்து நூலிழை வெளிய போனாலும் அசைய மாட்டேங்குறான்."

இவனை மூன்று வருஷம் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. தாளில் தெரிந்தது. எனக்கு இதில் கர்வம் உண்டு, உன்னிடம் மறைப்பானேன்.

அன்புடன்,
ஆர்லன்


வில்மாண்ட்
3 ஜூன் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவேயில்லை.

ஜெயிப்பதில் சந்தோஷம். அவன் கண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

உங்கள் மைதானத்தில் விளக்குகள் நல்ல வெளிச்சமா? பகல் ஆட்டம் எத்தனை, விளக்கு போட்டு ஆடுவது எத்தனை? அடிக்க நிற்கும்போது தலைக்கவசம் போடுகிறானா? சும்மா கேட்டேன்.

தங்கை,
ஐரீன்


ஹார்பர் கிரீக்
24 ஜூன் 1979

அன்புள்ள ஐரீன்,

முழங்கால் என்னோடுதான் இருக்கிறது. விளக்கு சுமார். தலைக்கவசம் எல்லாரும் போடுகிறார்கள். அம்மாக்களுக்காகவே செய்தது போலிருக்கிறது அந்தச் சாமான்.

முதலிடத்தில் இருக்கிறோம். பிரம்மல் தன் கடை வாசலில் எங்கள் படத்தை ஒரு சோபாவின் மேல் வைத்திருக்கிறார். குடோன் பேச்சைக் காணோம்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. வெண்டல் பந்தை விடுகிறான். இதுவரை பதினான்கு 'விட்ட பந்து'. உங்கள் ஊரில் போன வருஷம் முழுக்க நான்கு. இருபத்தாறு வயதில் ஒருவனுக்குக் கை மறந்து போகுமா? கையுறை பழசு என்கிறார் கஸ். வெண்டலைக் கேட்டால், "பந்து வழுக்குது மாமா" என்கிறான். அங்கே அவனுக்கு என்ன போட்டு வளர்த்தாய் என்று எழுது, அதையே போடுகிறேன்.

அன்புடன்,
ஆர்லன்


வில்மாண்ட்
5 ஜூலை 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நேற்று சுதந்திர தினத்துக்குத் தேவாலயத்தில் விருந்து. நான் சுட்டுக் கொண்டுபோன ருபார்ப் கேக் முதலில் தீர்ந்தது. தக்காளி இந்த வருஷம் சீக்கிரம் பழுத்துவிட்டது. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, ஐந்து.

அடுத்த வாரம் உங்கள் குழு இங்கே ஆட வருகிறது. நான்கு நாளும் நம் வீட்டில்தான் சாப்பாடு. பெரிய கையுறை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

ஐரீன்


ஹார்பர் கிரீக்
22 ஜூலை 1979

அன்புள்ள ஐரீன்,

நான்கு நாள் சாப்பாட்டுக்கு நன்றி. கஸ் உன் மாட்டிறைச்சி வறுவலைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். இது கோபத்தில் எழுதும் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வில்மாண்டில் நான்கு ஆட்டத்தில் வெண்டல் பெயரில் 'விட்ட பந்து' ஒன்றுகூட இல்லை. என் பிட்சர்கள் பெயரில் ஐந்து 'தவறிய வீச்சு'. ஐந்தையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டை இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நானே பிடித்திருக்கலாம்.

ஊருக்கு வந்து பழைய தாள்களை மறுபடி பிரித்தேன். கிடங்கு வேலையால் அவன் வெளியூர் ஆட்டங்களுக்குப் போனதே இல்லை. மூன்று வருஷமும் ஒரே மைதானம், ஒரே பென்சில். ஒரே ஆள் எழுதிய கணக்கை அப்படியே நம்பாதே என்று கம்பெனியில் புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். எழுதியவள் என் தங்கை என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இது மட்டும் என்றால் தாய்ப்பாசம் என்று விட்டிருப்பேன். ஆனால் மற்ற மைதானங்களில் அவன் விட்ட பத்தொன்பது பந்தும் எந்தப் பக்கம் போனது என்று குறித்து வைத்திருக்கிறேன். பதினேழு அவனுடைய இடது பக்கம். அதில் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு.

உன் ஸ்கோர் புத்தகங்கள் மூன்றையும் அனுப்பு. அதோடு எனக்கு ஒரு பதிலும் எழுது. ஃப்ளாய்டுக்குக் கடைசியில் பார்வை போனது சர்க்கரையால் என்று சொன்னாய். அது உண்மையா?

ஆர்லன்


ஹார்பர் கிரீக்
6 ஆகஸ்ட் 1979

ஐரீன்,

பதினைந்து நாளாகிறது. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நேற்று விளக்கு போட்டு ஆடிய ஆட்டத்தில் ஒரு பந்து வெண்டலின் இடது தோளில் பட்டது. பட்டது பெரிய விஷயமில்லை, எல்லாருக்கும் படும். ஆனால் மற்றவர்கள் விலகும்போது படும். இவன் அசையவேயில்லை. பந்து வந்து தோளில் இடிக்கும்வரை அப்படியே நின்றான். கூட்டத்தில் யாரோ பழக்கத்தில் "நல்ல கண்ணு" என்றார்கள்.

தலைக்கும் தோளுக்கும் ஒரு சாண் தூரம். புத்தகங்களை அனுப்பு.

ஆர்லன்


வில்மாண்ட்
13 ஆகஸ்ட் 1979

அண்ணா,

புத்தகங்கள் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன.

சர்க்கரை இல்லை. ஃப்ளாய்டுக்கு முப்பதில் இடது கண், முப்பத்தைந்தில் வலது கண். குடும்பத்தில் வருவது, செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் அப்போது சொன்னார். ஃப்ளாய்ட் அதற்கப்புறம் வாசலில் இருந்த தபால் பெட்டிவரைகூடப் போகவில்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்து செத்தார். வெண்டல் ஒரு நாள் உப்பு ஜாடி இருக்கும் இடத்தைக் கையால் தடவினான். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செய்ய ஒன்றுமில்லை என்றால், ஆடுகிறவரை ஆடட்டும் என்று நினைத்தேன். பந்தை விடுகிறான் என்று தெரிந்தால் மூன்று வருஷத்துக்கு முன்பே அனுப்பியிருப்பார்கள்.

உங்கள் கடிதம் பிப்ரவரியில் வந்தபோது வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். அவன் சமையலறையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

புத்தகத்தில் நான் மாற்றி எழுதிய ஒவ்வொரு தவறிய வீச்சுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஐரீன்


ஹார்பர் கிரீக்
17 ஆகஸ்ட் 1979

அன்புள்ள ஐரீன்,

பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். முதல் வருஷம் ஐந்து புள்ளி. இரண்டாம் வருஷம் பதினாறு. போன வருஷம் முப்பத்து நான்கு. இந்த மாதிரி ஏறும் கோட்டை என் பழைய வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன், அது எங்கே போய் முடியும் என்று தெரியும்.

நான் பொறுமை என்று நினைத்தது பொறுமை இல்லை. வலது கை ஆட்டக்காரனுக்குப் பந்து வருகிற பக்கம் இடது கண்தான். தெரியாத பந்துக்கு மட்டை வீசாமல் நின்றிருக்கிறான், அவ்வளவுதான். இந்த லீக்கில் பிட்சர்கள் பாதிப் பந்தை வெளியே போடுகிறவர்கள் என்பதால் அது பலித்தது. என் கணக்கு தப்பில்லை, காரணம்தான் தப்பு. உன் மகனின் கெட்ட கண்ணுக்கு விலை பேசி வாங்கியிருக்கிறேன்.

இன்று காலை அவனைக் குழுவிலிருந்து விடுவித்துவிட்டேன். முதலிடத்தில் இருக்கிறோம், மூன்றாவது குழுவைவிட மூன்று ஆட்டம் முன்னால், இன்னும் பதினான்கு ஆட்டம் மீதி. அதை அவனே என்னிடம் சொன்னான்.

"மாமா, நீங்க என்ன எடுத்தது நடக்கத்தான? நடந்தேனா இல்லியா?"

"நடந்தே."

"அப்புறம் என்ன? எனக்குத் தெரியுதோ தெரியலியோ, பேஸுக்குப் போறேன்ல?"

"தலையில பட்டா?"

"என் தலைதான?"

"உங்கம்மா புள்ளி வச்சிருக்கா" என்றேன். அது என்னவென்று சொன்னேன். அவன் பையை எடுத்துக்கொண்டான். பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். அவன் வந்து இறங்கிய மறுநாளே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. ஃப்ளாய்டின் டாக்டர் சொன்னது பதினைந்து வருஷத்துக்கு முந்தையது.

ஆர்லன்


வில்மாண்ட்
9 செப்டம்பர் 1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணில் இப்போதுதான் தொடங்குகிறது. ஒளிக்கதிர் வைத்து அதை நிறுத்தலாமாம், இரண்டு முறை வைத்தாகிவிட்டது. நிற்கும் என்கிறார். சின்ன வயசு டாக்டர், மரியாதையாகப் பேசினார். நான் ஒன்றும் கேட்காமலே அவராகச் சொன்னார்: "மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா ரெண்டு கண்ணையும் காப்பாத்தியிருக்கலாம்மா."

வெண்டல் பக்கத்தில் இருந்தான். திரும்பி வரும்போது நூறு மைலும் நான்தான் ஓட்டினேன், அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். இப்போது வீட்டில் சாப்பிடுகிறான், தூங்குகிறான், என்னோடு பேசுவதில்லை.

ஸ்கோர் எழுதும் வேலையை விட்டுவிட்டேன். லீக்குக்குக் கடிதம் எழுதி, ஐம்பத்தைந்து புள்ளியையும் திருத்தச் சொன்னேன். பழைய வருஷங்களைத் திருத்தும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது.

உங்கள் ஆட்டங்கள் என்னவாயிற்று? இங்கே பேப்பரில் போடவில்லை.

தங்கை,
ஐரீன்


ஹார்பர் கிரீக்
23 செப்டம்பர் 1979

அன்புள்ள ஐரீன்,

வலது கண் நிற்கும் என்பதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆட்டங்கள் முடிந்தன. மூன்றாவது இடம். இரண்டாவதற்கும் எங்களுக்கும் ஒரே ஒரு ஆட்டம் வித்தியாசம். அந்த ஒரு ஆட்டம் எங்கே போயிற்று என்று எனக்கும் தெரியும், கஸ்ஸுக்கும் தெரியும். பிரம்மல் சத்தம் போடவில்லை. "உங்க கணக்குல நல்லா இருந்த ஒரே ஆள நீங்களே வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே ஆர்லன்" என்றார். திங்கட்கிழமை மைதானத்தைப் பூட்டினார்கள். கஸ் தன் விசிலை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார், அதை வைத்து என்ன செய்வது? கம்பெனிக்காரர்கள் பழைய மேசையைத் தருவதாகச் சொல்கிறார்கள். வெண்டலை அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை. தோற்றதில் நிறைய இருக்கிறது.

இன்னொன்றை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு உன் புள்ளிகள் ஞாபகம் வந்தது.

போன வருஷத்து முப்பத்து நான்கு புள்ளியில் இருபத்திரண்டு டாலிவர் வீசியவை. அவர் பெயரில் இருந்த இருபத்தொன்பதில் உண்மையாக அவருடையது ஏழு. ஏழு என்றால் லீக்கிலேயே குறைவு. பூட்டுவதற்கு முன்னால் பிரம்மலிடம் இன்னொரு வருஷம் கேட்டுப் பார்க்கலாம், இந்த ஆளைக் காட்டிக் கேட்கலாம் என்று தேடிப் போனேன். இங்கிருந்து நாற்பது மைலில் ஒரு ரொட்டி பேக்கரியில் இருக்கிறார். முப்பத்தோரு வயது, இரண்டு பெண் குழந்தைகள். மாவுக் கையோடு வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்தார். வெண்டலின் கண்ணிலிருந்து தொடங்கி, புத்தகத்தைத் திறந்து காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன்.

அவர் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வலது கையை நீட்டிக் காட்டினார். முழங்கை முழுசாக நிமிரவில்லை.

"குளிர்காலம் பூரா களஞ்சியச் சுவத்துல எறிஞ்சேங்க. பந்து எங்கயோ போகுது, என் கைதான் தப்புன்னு பிடியை மாத்துனேன், தோள மாத்துனேன். பிப்ரவரில முழங்கை போயிருச்சு. நான்தான்னு நெனச்சேன்" என்றார்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி அவரை எடுக்கலாமா என்று உன்னைக் கேட்டிருந்தேன். நான் வேறு யாரையும் கேட்கவில்லை, அதுவும் என் தப்புதான்.

கிளம்பும்போது ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "அது சரி, அந்தப் பையனுக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஒன்று தப்பித்துவிட்டது என்றேன். "நல்லது" என்றார்.

அவருடைய முகவரி இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெண்டல் பேசத் தொடங்கியதும் எனக்கு எழுது.

அன்புடன்,
ஆர்லன்